பொருள் பிறக்கும் இடம்

நுழையும்முன்

ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். இவ்வளவு எளிதாகத் தோன்றும் பேச்சு பல நேரங்களில் வழி தவறிவிடுகிறது. 'நான் சொன்னேனே' என்கிறார் ஒருவர். 'நான் அப்படிப் புரிந்துகொள்ளவில்லையே' என்கிறார் மற்றவர். இருவரும் பொய் சொல்வதில்லை. அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? சொல்லின் பொருள் சொல்பவரிடம் இருக்கிறதா, கேட்பவரிடம் இருக்கிறதா, இருவருக்கும் நடுவே உருவாகிறதா? இருவர் நேர்நின்று கருத்தைப் பகிர்ந்துகொள்வதை 'ஆளிடைத் தொடர்பு' என்பர். அது குறித்து 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வகுத்த கோட்பாடுகளின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஓடுபாதையில் ஒரு சொல்

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள். ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகளுள் ஒன்று டெனெரீஃப். அத்தீவிலுள்ள சிறிய விமான நிலையத்தில் அன்று வழக்கத்திற்கு மாறான நெரிசல். அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி கவிந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் இருந்தன. நெதர்லாந்து விமானம் ஓடுபாதையின் முனையில் புறப்படக் காத்திருந்தது. அமெரிக்க விமானம் அதே பாதையில் எதிரே மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று காண இயலவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கும் இரண்டும் தெரியவில்லை. அவர்களை இணைத்தவை வானொலியில் ஒலித்த சொற்கள் மட்டுமே.

மேலெழுந்தபின் செல்ல வேண்டிய வழியைக் கட்டுப்பாட்டாளர் நெதர்லாந்து விமானிகளுக்குக் கூறினார். அக்கூற்றில் 'டேக் ஆஃப்' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. அது வழிக்கான அனுமதியே. மேலெழுவதற்கான அனுமதி இன்னும் வழங்கப்படவில்லை. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி முடிக்கையில், தாங்கள் 'டேக் ஆஃப்' நிலையில் இருப்பதாகப் பொருள்படும் ஒரு தொடரையும் சேர்த்தார். 'மேலெழத் தொடங்கிவிட்டோம்' என்றும், 'மேலெழ ஆயத்தமாக நிற்கிறோம்' என்றும் அத்தொடருக்கு இருவகையாகப் பொருள்கொள்ள முடியும். விமானிகள் முதற்பொருளில் சொன்னார்கள். கட்டுப்பாட்டாளரோ இரண்டாம் பொருளைக் கொண்டு, 'சரி' என்று தொடங்கி, காத்திருக்குமாறு கூறினார். அதே நொடியில் அமெரிக்க விமானியும் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகக் கூறினார். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாயின. நெதர்லாந்து விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது 'சரி' என்ற ஒரு சொல்லே. அவ்விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர்.

அன்று பேசியவர்கள் அனைவரும் தொழில் தேர்ந்தவர்கள். விபத்திற்கு மூடுபனி, நெரிசல், தாமதம், அவசரம் எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், அவர்கள் பயன்படுத்திய சொற்கள் பொதுவாக இருந்தும் பொருள் பொதுவாக இல்லாமற்போனது ஏன் என்பதே நாம் இங்கு ஆராய வேண்டிய வினா.

சொல் ஒரு பொதியா?

தமிழில் நாம் வழங்கும் சில தொடர்களை எண்ணிப் பார்ப்போம். 'அவர் காதில் போட்டு வைத்திருக்கிறேன்', 'நான் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை' என்கிறோம். பேச்சை ஒரு பொருளைப் போலவும், அதனை ஒருவர் கொடுக்க மற்றவர் பெற்றுக்கொள்வதைப் போலவும் இத்தொடர்கள் காட்டுகின்றன. தொடர்பு குறித்த முதற்கட்டக் கோட்பாடுகளும் இத்தகைய பார்வையையே கொண்டிருந்தன.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியல் அறிஞர் கிளாட் ஷானன், 1948ஆம் ஆண்டு தகவல் தொடர்பிற்கான கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். தகவல் தோன்றுமிடம், அனுப்பும் கருவி, அது செல்லும் வழி, பெறும் கருவி, சேருமிடம் என்பன அக்கோட்பாட்டின் உறுப்புகள். இடையே குறுக்கிடும் தடையை அவர் 'இரைச்சல்' என்றார். தொலைபேசி முதல் இன்றைய கைப்பேசி வரை அனைத்திற்கும் இக்கோட்பாடு அடித்தளமாயிற்று. ஆயினும், அனுப்பிய குறிகள் சிதையாமல் சென்று சேர்வதே ஷானன் ஆராய்ந்த சிக்கல். செய்தியின் பொருள் தம் ஆய்வின் எல்லைக்குள் வராது என்பதை அவரே தெளிவுபடுத்தியிருந்தார். பின்வந்தோர் பலர் அவ்வெல்லையை மறந்து, மனிதர் பேச்சையும் அதே வரைபடத்தால் விளக்க முற்பட்டனர்.

டெனெரீஃபில் எழுந்த கீச்சொலியை ஷானன் கூறும் இரைச்சலாகக் கொள்ளலாம். ஆனால், அதற்குமுன் துணை விமானி கூறிய தொடர் கட்டுப்பாட்டாளரின் செவியைச் சென்றடைந்திருந்தது. அவர் அதைக் கேட்டு விடையும் கூறினார். குறிகள் சேர்ந்தன, பொருள் சேரவில்லை. இந்த இடைவெளியை விளக்க வேறு கோட்பாடு தேவைப்படுகிறது.

வில்பர் ஷ்ராம் என்னும் அறிஞர் 1954ஆம் ஆண்டு, பேசும் ஒவ்வொருவருக்கும் ஓர் அனுபவப் பரப்பு உண்டு என்றார். இருவரின் அனுபவப் பரப்புகளும் எந்த அளவிற்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவோ, அந்த அளவிற்கே புரிதல் எளிதாகும். வயலையே காணாத ஒருவரிடம் 'பயிர் பால் பிடித்திருக்கிறது' என்றால் சொற்கள் சென்று சேரும்; கதிரில் மணி உருவாகும் காட்சி சென்று சேராது. மேலும், கேட்பவர் வாளா இருப்பவர் அல்லர். அவர் முகமும் மறுமொழியும் பேசுபவருக்குத் திரும்பி வருகின்றன. இதனைப் 'பின்னூட்டம்' என்பர். ஒருவழிப் பாதையாகக் கருதப்பட்ட தொடர்பு இவ்விடத்தில் வட்டமாக மாறுகிறது.

குறியீடுகளைப் பொதுவாக்கும் வாழ்க்கை

அனுபவப் பரப்பு பொதுவாவது எவ்வாறு? சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்றிய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதற்கு விடை கூறினார். அவர் மறைவுக்குப்பின், அவருடைய விரிவுரைகளைக் கொண்டு 1934இல் நூல் ஒன்று வெளியிடப்பட்டது. ஒரு செய்கையின் பொருள் செய்பவருடைய மனத்தில் மட்டும் முடிந்துவிடுவதில்லை. மற்றவர் அதற்கு எவ்வாறு எதிர்வினை காட்டுகிறார் என்பதில் அது வெளிப்படுகிறது என்பது அவர்தம் கருத்து. அவருடைய மாணவர் ஹெர்பர்ட் புளூமர் இக்கருத்தை வளர்த்துக் 'குறியீட்டு ஊடாட்டக் கோட்பாடு' எனப் பெயரிட்டார். மனிதர் பொருள்களிடத்து நடந்துகொள்வது, அவற்றிற்குத் தாம் கொண்டுள்ள அர்த்தத்தின்படியே. அவ்வர்த்தம் பிறரோடு பழகுவதால் தோன்றுகிறது. பழகப்பழக அது மாறவும் செய்கிறது. இம்மூன்றும் அக்கோட்பாட்டின் அடிப்படைகள்.

வீட்டைவிட்டுப் புறப்படும் தமிழர் 'வருகிறேன்' என்றோ 'போய்வருகிறேன்' என்றோ கூறி விடைபெறுகிறார். அகராதியை மட்டும் கையில் வைத்திருப்பவர், செல்பவர் ஏன் வருவதாகச் சொல்கிறார் என்று திகைப்பார். நமக்கோ அச்சொல்லில் பிரிவும், திரும்பி வருவோம் என்னும் நம்பிக்கையும் ஒருங்கே கேட்கின்றன. இப்பொருளை நமக்குக் கொடுத்தது அகராதியன்று. வாசலில் நின்று வழியனுப்பிய தலைமுறைகளின் வாழ்க்கை.

ஒரு குழுவின் வாழ்க்கை பொருளைத் தருகிறது என்றால், வேறு குழுவினரிடம் அதே சொல் வேறு பொருள் தரக்கூடும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற விமானம் ஒன்று, நெடுநேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் குறைந்த நிலையில் துணை விமானி 'பிரையாரிட்டி', அதாவது 'முன்னுரிமை' வேண்டும் எனக் கேட்டார். எரிபொருள் தீர்ந்துவருவதையும் குறிப்பிட்டார். 'எமர்ஜென்சி' என்னும் சொல்லை அவர் சொல்லவில்லை. அச்சொல் வந்தால்தான் ஏனைய விமானங்களை விலக்கி உடனே வழிவிடுவது கட்டுப்பாட்டாளர்களின் நடைமுறை. எரிபொருள் அறவே தீர்ந்து அவ்விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். இங்கும் சொல் காதில் விழுந்தது. அதன் எடையை இரு தரப்பினரும் ஒன்றுபோல் அளக்கவில்லை.

சொல்லாததையும் உணர்தல்

பேச்சில் சொல்லப்படுவதைவிட உணரப்படுவது மிகுதி. இதனை விளக்கியவர் பால் கிரைஸ் என்னும் மெய்யியல் அறிஞர். 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒன்று 1975இல் அச்சேறியது. உரையாடுவோர் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்கின்றனர் என்னும் எதிர்பார்ப்பு எல்லாப் பேச்சுக்கும் அடிப்படை என்றார் அவர். வேண்டிய அளவு சொல்லுதல், மெய்யென நம்புவதைச் சொல்லுதல், பேசும் பொருளோடு தொடர்புடையதைச் சொல்லுதல், தெளிவாகச் சொல்லுதல் என்பன அவ்வெதிர்பார்ப்பின் நான்கு கூறுகள்.

'பந்து விளையாட வருகிறாயா?' என்று நண்பர் கேட்கிறார். 'கால் சுளுக்கிக்கொண்டது' என்கிறீர்கள். வினாவுக்கும் விடைக்கும் சொல்லளவில் தொடர்பில்லை. எனினும், தொடர்பற்ற ஒன்றை நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று நண்பர் நம்புகிறார். அந்நம்பிக்கையால், 'வர இயலாது' என்னும் சொல்லப்படாத பொருளை அவரே வருவித்துக்கொள்கிறார்.

இவ்விடத்தில் நாம் முன்னரே கற்ற இலக்கணம் நினைவிற்கு வரும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை. 'கால் சுளுக்கிக்கொண்டது' என்பது உற்றது உரைத்தல். நேராக விடை கூறாத தொடரும் விடையின் பொருளைத் தருவதால் விடையாகவே கொள்ளப்படும் என்பதை நன்னூல் ஏற்றுக்கொண்டது. விடைகளின் வகையை வரையறுப்பது நன்னூலின் நோக்கம்; கேட்பவர் அக்குறிப்புப் பொருளை எவ்வாறு சென்றடைகிறார் என்று விளக்குவது கிரைஸின் நோக்கம். எனவே இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒன்றையொன்று விளங்கச் செய்கின்றன.

குறிப்புப் பொருளில் ஓர் இடரும் உண்டு. கேட்பவர் வருவித்துக்கொள்ளும் பொருளும் சொல்பவர் கருதிய பொருளும் மாறுபடலாம். மாறுபட்டதை இருவரும் அறியாமலே பேச்சு தொடரலாம். டெனெரீஃபில் நிகழ்ந்தது இதுவே.

பொதுத்தளம் அமைத்தல்

இவ்விடரை மனிதர் நாள்தோறும் எவ்வாறு கடக்கின்றனர்? உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் கிளார்க்கும் டீன்னா வில்க்ஸ்-கிப்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதனை அழகுறக் காட்டுகிறது. மாணவர் இருவரை எதிரெதிரே அமர்த்தி நடுவே ஒரு தடுப்பை வைத்தனர். வடிவத் துண்டுகளால் அமைந்த, பெயரில்லாத 12 உருவப்படங்கள் இருவரிடமும் இருந்தன. ஒருவர் தம் படங்களின் வரிசையைச் சொற்களால் விளக்க, மற்றவர் தம்மிடமுள்ளவற்றை அதே வரிசையில் அடுக்க வேண்டும். இதனை ஆறு முறை செய்தனர்.

முதல்முறை ஒரு படத்தை விளக்கச் சராசரியாக 40 சொற்களுக்கு மேல் தேவைப்பட்டன. கேட்பவர் இடைமறித்தார், ஐயம் கேட்டார், வேறு சொல்லை முன்வைத்தார். ஆறாம் முறையில் ஏறத்தாழ எட்டுச் சொற்களே போதுமானவையாக இருந்தன. கைகளை முன்னே நீட்டிப் பனியில் சறுக்கும் மனிதரைப் போன்றது என்று நீளமாக வருணிக்கப்பட்ட படம், இறுதியில் 'பனிச்சறுக்காளர்' என்னும் ஒரே பெயரைப் பெற்றது. அப்பெயரைச் சொன்னவர் மட்டும் படைக்கவில்லை; கேட்டவர் ஏற்றபின்னரே அது பெயராயிற்று. இவ்வாறு இருவரும் சேர்ந்து உருவாக்கும் பொதுவான புரிதலைப் 'பொதுத்தளம்' என்பர்.

1989இல் மைக்கேல் ஷோபரும் கிளார்க்கும் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். இருவர் உரையாடலை மூன்றாமவர் ஒருவரும் தொடக்கம் முதல் ஒரு சொல் விடாமல் கேட்டார். ஆனால் குறுக்கே கேள்வி கேட்க அவருக்கு வாய்ப்பில்லை. உரையாடலில் பங்கேற்றவரைவிட அவர் அதிகத் தவறுகள் செய்தார். பொருள் முழுவதும் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்குமானால், ஒரே சொற்களைக் கேட்ட இருவருக்கும் ஒரே அளவு புரிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. வகுப்பறையில் ஐயம் கேட்கும் மாணவருக்கும், அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது, கேட்கும் குழந்தை 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நிற்கும். குழந்தை உறங்கிவிட்டதா, கதையின் இழையை விட்டுவிட்டதா என்று பாட்டி அறிந்துகொள்வார். கேட்பவரின் பங்கில்லாமல் கதை நகராது என்னும் தெளிவு இவ்வழக்கில் உள்ளது. ஆனால், 'ம்' என்பது 'கேட்கிறேன்' என்பதற்கே உறுதி தரும்; 'நீங்கள் கருதியபடியே புரிந்துகொண்டேன்' என்பதற்கு உறுதி தராது. டெனெரீஃபில் ஒலித்த 'சரி'யும் இத்தகையதே.

செய்தியும் உறவும்

பால் வாட்ஸ்லாவிக்கும் அவர்தம் கூட்டாளிகளும் 1967இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பேச்சிலும் இரு நிலைகள் உள்ளன என்றனர். ஒன்று, சொல்லப்படும் செய்தி. மற்றொன்று, பேசுவோரிடையே உள்ள உறவு. பேசாதிருத்தலும் ஒரு செய்தியே. ஆதலால் பிறர் முன்னிலையில் தொடர்புகொள்ளாமல் இருக்க எவராலும் இயலாது என்றும் அவர்கள் கூறினர்.

நெதர்லாந்து விமானம் ஓடத் தொடங்கிய பின்னர், விமானி அறையிலிருந்த பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று அவர் கேட்டார். விலகிவிட்டது என்னும் பொருளில் தலைமை விமானி அழுத்தமாக விடையளித்தார். அத்தலைமை விமானி அந்நிறுவனத்தில் மிக மூத்தவர். பிற விமானிகளுக்குப் பயிற்சியளிப்பவர். பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை. செய்திநிலையில் அங்கு எழுந்தது சரியான வினா. உறவுநிலையில் அவ்வினா அடங்கிப்போயிற்று. மூத்தோர்க்கு மதிப்பளிப்பது நற்பண்பு. அம்மதிப்பு, ஐயத்தை வாய்விட்டுச் சொல்லத் தடையாகும்போது பொதுத்தளம் உடைகிறது. இளையோரின் ஐயத்திற்கு இடமளிப்பது மூத்தோர் கடமை. ஐயம் தீரும்வரை பணிவோடு கேட்பது இளையோர் கடமை.

திருப்பிச் சொல்லும் நெறி

இவ்விபத்தின் பின்னர் வானொலிப் பேச்சின் மரபு மாற்றப்பட்டது. 'டேக் ஆஃப்' என்னும் சொல்லை, மேலெழ அனுமதி தரும்போதோ அவ்வனுமதியை விலக்கும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஏனைய இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே கூற வேண்டும் என்பது நெறியாயிற்று. அனுமதியைப் பெற்றவர் 'சரி' என்று மட்டும் சொன்னால் போதாது. கேட்டதை முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதனைக் கேட்டு ஒப்பிட வேண்டும். 1979இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, விமானி அறையில் இளையோர் தயங்காமல் பேசவும் மூத்தோர் செவிகொடுக்கவும் பயிற்றும் முறை வளர்ந்தது.

மருத்துவத் துறையிலும் இந்நெறி பின்பற்றப்படுகிறது. 'புரிந்ததா?' என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலோர் தலையசைப்பர். 'இம்மருந்தை எப்போது, எவ்வாறு உட்கொள்வீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டால் புரிதலின் உண்மைநிலை வெளிப்படும். நோயாளியின் அறிவைச் சோதிப்பது இதன் நோக்கமன்று. தாம் விளக்கிய முறை சரியாக இருந்ததா என்று மருத்துவர் தம்மைச் சோதித்துக்கொள்வதே நோக்கம்.

நிறைவாக

சொல் சொல்பவருடையது; பொருளோ இருவருக்கும் பொது. சொல்லிவிட்டதனால் சொல்பவரின் கடமை முடிவதில்லை. செவியில் விழுந்ததனால் கேட்பவரின் கடமையும் முடிவதில்லை. 'நீங்கள் சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், சரிதானா?' என்று கேட்பவர் தம் அறியாமையைக் காட்டிக்கொள்வதில்லை. பொருளைப் படைப்பதில் தம் பங்கை நிறைவேற்றுகிறார். அவ்வினாவை வரவேற்பவரே நன்கு பேசத் தெரிந்தவர்.

தெரிந்து தெளிவோம்

இரைச்சல் - செய்தி சென்று சேர்வதைக் குலைக்கும் தடை
பின்னூட்டம் - கேட்பவரிடமிருந்து சொல்பவருக்குத் திரும்பி வரும் எதிர்வினை
அனுபவப் பரப்பு - ஒருவர் தம் வாழ்வில் கண்டும் கேட்டும் பெற்றவற்றின் தொகுதி
பொதுத்தளம் - பேசுவோர் இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொள்ளும் பொதுவான புரிதல்

கற்பவை கற்றபின்

1. மாணவர் இருவர் முதுகோடு முதுகாக அமர்க. ஒருவர் எளிய படம் ஒன்றைச் சொற்களால் விளக்க, மற்றவர் கேள்வி கேட்காமல் வரைக. பின்னர் வேறொரு படத்தைக் கேள்வி கேட்டு வரைக. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை வகுப்பில் எடுத்துரைக்க.
2. உங்கள் ஊரில் சொல்லுக்கு நேர்ப்பொருளன்றி வேறு பொருளில் வழங்கும் ஐந்து தொடர்களைத் தொகுத்து, அவை வழங்கும் சூழலை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஷானனின் கோட்பாடு எல்லைக்குள் கொள்ளாதது எது?
2. நன்னூல் கூறும் குறிப்பு விடைகள் ஐந்தனைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. 'ம்' கொட்டுதலுக்கும் திருப்பிச் சொல்லுதலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. உரையாடலைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், பங்கேற்றவரைவிட மிகுதியாகத் தவறு செய்ததற்குக் காரணம் யாது?

நெடுவினா
'பொருள் இருவருக்கும் பொது' என்னும் கருத்தை, டெனெரீஃப் விபத்தையும் உம் வாழ்வில் கண்ட நிகழ்வு ஒன்றையும் சான்றாகக் காட்டி நிறுவுக.